ஆர்டித் எழுதிக் கொடுத்த சொந்தக்காரர் பட்டியல்

படிவத்தில் உண்மையை எழுதினாள் என்பதற்காக ஒருத்தியின் விசிலைப் பிடுங்கினார்கள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நானும் நம்பியிருக்கமாட்டேன். ஆனால் அந்தக் கூத்தில் பாதியை நடத்தியவனே நான்தான் என்பதால் நம்பித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

ஆர்டித் ஹென்ஹாக் என் மனைவி ஃபெர்னின் தங்கை. ஐம்பத்து மூன்று வயது. காலையும் மாலையும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். சனி ஞாயிறு வந்தால் கறுப்பு வெள்ளைப் பட்டைச் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கள் பூர்வகுடி ஊரான ஓஸ்வீக்கனின் அரங்கத்தில், வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து எறியும் லக்ரோஸில், பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு நடுவராக நிற்பாள். எனக்கு அங்கே கடிகாரம் ஓட்டும் வேலை. சம்பளமெல்லாம் கிடையாது. ஆட்டத்துக்கு ஒரு காபியும் ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவலும் தருவார்கள். ஏப்ரலில் பனித்தளத்தை உருக்கி எடுத்துவிட்டு வெறும் சிமெண்டுத் தரையில் ஆட்டம் தொடங்கியதும், நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மேஜை போட்டு உட்கார்ந்துவிடுவேன். எனக்கு இந்தப் பக்கம் எங்கள் பிள்ளைகளின் பெனால்டி பெஞ்சு, அந்தப் பக்கம் எதிரணியின் பெஞ்சு. தப்பு செய்தவர்கள் வந்து இரண்டு நிமிஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவார்கள். பதினெட்டு வருஷத்தில் நான் துடைத்துவிட்ட மூக்குகளுக்குக் கணக்கே இல்லை.

ஆர்டித் விசில் எடுத்த கதையே ஒரு சண்டையில் ஆரம்பித்ததுதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் படிக்கட்டு இருக்கையில் இருந்து டவுனிலிருந்து வந்த நடுவர் ஒருவரைப் பார்த்துக் கத்தினாள்: "விதி தெரியுமாய்யா உனக்கு?" அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேலே பார்த்து, "உனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். தெரியாது. அந்த ஒரு கேள்வி அவளைத் தைத்துவிட்டது. மறுநாளே விதிப் புத்தகத்தை வாங்கினாள். எங்களிடம் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு போன வெள்ளைக்காரர்கள் அதற்குப் புத்தகம் எழுதி எங்களுக்கே விற்கிறார்களே என்று ஊரில் மாமன்மார் இன்றைக்கும் பொருமுவார்கள். ஆர்டித் பொருமவில்லை. "வித்தாச்சு, வாங்கியாச்சு. படிச்சாவது தொலைப்போமே" என்றாள். அன்றிலிருந்து அந்தப் புத்தகம் அவளுடைய பேருந்தில் ஓட்டுநர் இருக்கைக்கு மேலே செருகிக் கிடக்கிறது.

அவள் நடுவராக நிற்கும் ஆட்டத்தைப் பார்க்க ஒரு பொறுமை வேண்டும். விசில் ஊதினால் அதோடு விடமாட்டாள். தப்பு செய்த பிள்ளையின் முன்னால் குனிந்து, என்ன தப்பு, ஏன் தப்பு, அடிபட்டவனுக்கு என்ன ஆகியிருக்கும், இதை உன் அம்மாவிடம் சொன்னால் உனக்கு என்ன ஆகும் என்று நாலு பாட்டுப் பாடித்தான் அனுப்புவாள். அதுவும் சொந்தப் பிள்ளை என்றால் பாட்டு எட்டாகும். மேலே உட்கார்ந்திருக்கும் கிழவர்கள் விடுவார்களா?

"ஆர்டித்! கண்ணாடியை பஸ்லயே விட்டுட்டு வந்துட்டியா?"

"ஆமா! அது பக்கத்துல உன் பேரன் விட்டுட்டுப் போன நாத்தம்புடிச்ச சாக்ஸும் கிடக்கு. வந்து எடுத்துட்டுப் போ!"

இப்படித்தான் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. போன வருஷம் ஜனவரியில், எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளின் ஆட்டங்களை நடத்தும் சங்கத்தில் யாருக்கோ மூளை வேலை செய்தது. நடுவர் அட்டையைப் புதுப்பிக்க வேண்டுமானால் இனிமேல் ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம். 'எந்த அணியிலாவது உங்கள் உறவினர் உண்டா? அனைவரின் பெயரையும் எழுதவும். மறைத்தால் அட்டை ரத்து.' பாரபட்சத்தைத் தடுக்கிறார்களாம்.

ஊரில் இன்னொரு நடுவரும் இருக்கிறான், மெர்ல். அவனுடைய சொந்தத் தம்பிதான் பதினைந்து வயது அணிக்குப் பயிற்சியாளன். மெர்ல் படிவத்தில் 'யாரும் இல்லை' என்று இரண்டே வார்த்தை எழுதி, அதன் மேல் காபிக் கறையும் வைத்துக் கொடுத்துவிட்டான். ஒரு வாரத்தில் அட்டை வந்துவிட்டது.

ஆர்டித் மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். எங்கள் சமையலறை மேஜையில் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு ஃபெர்னோடு உட்கார்ந்து குலமுறை பேசினாள். அக்காளும் தங்கையும் ஆமைக் குலம். நான் ஓநாய். பிள்ளைகள் அம்மாவின் குலம் என்பதால் எங்கள் மகள் ஜனெலும் ஆமைதான். ஆமைக் குலத்தில் பிறந்த பிள்ளையெல்லாம் ஆர்டித்துக்கு மகனோ, மகளோ, தம்பியோ, பேரனோ ஆகவேண்டும். படிவத்தில் இருந்த ஆறு கோடுகள் போதாமல் நாலு தாள் ஒட்டினாள். வேறு ஊர் அணிகளில் ஆடும் எங்கள் ஆட்களையும் விடவில்லை. கூட்டிப் பார்த்தால் நூற்று நாற்பத்து மூன்று பேர்.

"ஆர்டித், இது சரியா வராது" என்றேன்.

"எல்லாரையும் எழுதுன்னு போட்டிருக்கு மச்சான். எல்லாரும்னா எல்லாரும்தானே?"

யதார்த்தவாதி வெகுஜன விரோதி என்பார்கள். இவள் வெகுஜனத்தில் பாதியைச் சொந்தம் என்று வேறு எழுதிவிட்டாள்.

பத்து நாளில் சங்கத்திலிருந்து தொலைபேசி வந்தது. நடுவர்களைக் கவனிக்கும் ட்ரெவர் என்ற பையன். பையன் என்றால் இருபத்தாறு வயதிருக்கும். நல்லவன், மரியாதையானவன், அதுதான் இன்னும் எரிச்சல். ஆர்டித் கைப்பேசியை மேஜையில் வைத்து எங்களுக்கும் கேட்கும்படி போட்டாள்.

"மேடம், நேரடிச் சொந்தம் மட்டும் எழுதினாப் போதும்."

"நேரடின்னா?"

"உங்க பிள்ளைங்க, உங்க கூடப்பிறந்தவங்க, அவங்க பிள்ளைங்க."

"அதைத்தான் எழுதியிருக்கேன்."

"நூத்தி நாப்பத்தி மூணு பேரா, மேடம்?"

"இந்த வருஷம் ஆடுறவங்க மட்டும்தான். இன்னும் நடக்காததுங்க வீட்ல நிறைய இருக்கு. அதுங்களையும் எழுதணுமா?"

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. "முதல் பேரையே எடுத்துக்குவோம். ஜனெல். இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"மக."

"நீங்க பெத்த மகளா?"

"எங்க அக்கா பெத்தா."

"உங்க அம்மாவுக்குப் பிறந்த அக்காவா?"

"எங்க பெரியம்மாவுக்குப் பிறந்த அக்கா."

"அப்போ கசின் மேடம் அவங்க. அவங்க பொண்ணு கசினோட பொண்ணு. அது கணக்கில வராது."

எங்கள் பேச்சில் அம்மாவின் அக்காளும் தங்கையும் அம்மாதான், அவர்கள் பெற்றதெல்லாம் கூடப்பிறந்ததுதான். சின்னம்மா என்று கூப்பிட்டாலும் அம்மாதான். ஃபெர்ன் கரண்டியைக் கையில் பிடித்தபடி தொலைபேசியை முறைத்துக்கொண்டிருந்தாள். தன்னைக் கசின் என்று ஒருவன் சொல்லி அவள் அன்றைக்குத்தான் கேட்டாள்.

"தம்பி, உனக்கு சித்தி பெரியம்மா யாரும் இல்லியா?" என்றாள் ஆர்டித்.

"ஒரு ஆன்ட்டி இருக்காங்க மேடம், மேற்கே, கல்கரில."

"பாத்து எத்தனை வருஷமாச்சு?"

"அது... ஒரு ஆறு வருஷம்."

"முதல்ல போய்ப் பாத்துட்டு வா. அப்புறம் சொந்தத்தைப் பத்திப் பேசலாம்."

வைத்துவிட்டாள். அதற்குப் பதிலாகக் கடிதம் வந்தது. நேரடிச் சொந்தம் தவிர மற்ற பெயர்களைக் கோடு போட்டு அடித்து மார்ச் முடிவதற்குள் திருப்பி அனுப்ப வேண்டும். இல்லையென்றால் அந்த நூற்று நாற்பத்து மூன்று பேரில் ஒருவர் ஆடினாலும் அந்த ஆட்டத்தில் அவள் விசில் ஊதக்கூடாது. அதாவது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஆடும் ஒரு ஆட்டத்திலும் கூடாது. டவுனும் டவுனும் மோதும்போது வேண்டுமானால் போகலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆர்டித் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளை பெறவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு விசில் ஊதுவது, அவர்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் முறிக்காமல் ஆட்டத்தை முடித்து வீட்டுக்குப் போவது, இது ஒன்றுதான் அவள் கேட்டது. அது இப்போது ஒரு பேனாக் கோட்டில் வந்து நின்றது.

ஊரே அவளுக்குப் புத்தி சொன்னது. அடிச்சிட்டுக் குடுத்துட்டுப் போயேன், காகிதம்தானே, அதில் பேர் இல்லையென்றால் பிள்ளை இல்லாமல் போய்விடுமா என்றார்கள். மெர்ல் என் மேஜைப் பக்கம் வந்து, வறுவலைத் தின்றுகொண்டே, "கேட்டாங்க, இல்லேன்னேன், முடிஞ்சுது. உங்க வீட்டு ஆளு மட்டும் ஏன் இப்படி?" என்றான். தின்றது என் வறுவல்.

நானும் சொன்னேன். நாலு தடவை சொன்னேன். நாலாவது தடவை அவள் பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டு வந்தாள்.

"மச்சான், பேரு மேல கோடு போடறதுன்னா என்னன்னு தெரியுமா? இது என் பிள்ளை இல்லேன்னு எழுதி நானே கையெழுத்துப் போடறது. அந்தக் காகிதம் அவங்க அலமாரில இருக்கும். நம்ம பிள்ளைங்களை வீட்லேருந்து பிரிச்சு அவங்க ஸ்கூலுக்குக் கொண்டு போன காலத்துலேருந்து அந்த மாதிரிக் காகிதம் அவங்ககிட்ட நிறைய இருக்கு. என் கையால இன்னொண்ணு தரமாட்டேன்."

அவள் சொல்வது சரி என்று தெரிந்தும், அவள் சரியாக இருப்பதால் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு எரிந்துகொண்டு வந்தது.

சரி, நியாயமாகவே போராடிப் பார்ப்போம் என்று முதலில் நினைத்தேன். மூன்று வருஷத்து ஆட்டத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்தேன். ஆர்டித் மொத்தம் நானூற்றுப் பதினெட்டு தடவை பிள்ளைகளைத் தண்டித்து உட்கார வைத்திருந்தாள். அதில் இருநூற்று அறுபத்து மூன்று தடவை அவளுடைய சொந்தப் பட்டியலில் இருக்கும் பிள்ளைகளையே. பாருங்கள், சொந்தம் என்று ஒருவரையும் விட்டதில்லை, இன்னும் கூடத்தான் தண்டித்திருக்கிறாள் என்று எழுதி, தாள்களின் நகலையும் வைத்து அனுப்பினேன்.

பதில் வந்தது. எங்கள் உழைப்புக்கு நன்றியாம். இந்தப் புள்ளிவிவரம் மிகவும் கவலை தருகிறதாம். நடுவர் தன் உறவினர்களிடம் பாரபட்சமாகக் கடுமை காட்டுவது இதிலிருந்து தெளிவாகிறதாம்.

எங்கே போய் முட்டிக்கொள்வது? அந்தக் கடிதத்தை ஆர்டித்திடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் பேருந்தை நேராக அந்த அலுவலகத்துக்குள் விட்டிருப்பாள்.

மார்ச் முடிய நாலு நாள் இருந்தது. சங்கத்தின் இணையதளத்தில் ஒரு புதுப் படிவத்தை எடுத்தேன். உறவினர் என்ற இடத்தில் இரண்டே பெயர். ஆர்டித்தின் அண்ணன் கார்னெட்டின் இரண்டு பையன்கள், ஒன்பது வயது அணியில் ஆடும் வாண்டுகள். கூடப்பிறந்தவன் பிள்ளைகள் என்பதால் ட்ரெவரின் கணக்கில் அவர்கள்தான் நேரடிச் சொந்தம். எங்கள் கணக்கில் அவர்கள் ஆமைக் குலமே இல்லை. அவர்கள் அம்மா கரடி, அதனால் பையன்களும் கரடி, ஆர்டித்துக்கு மருமகன்கள். ஆக, மருமகன் இரண்டு பேரை எழுதிவிட்டு, மகன் மகள் என்று இருந்த அத்தனை பேரையும் விட்டுவிட்டேன். கீழே அவள் கையெழுத்தையும் நானே போட்டேன். பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு ஆட்டமும் முடிந்து என் மேஜையில் அவள் போடும் கையெழுத்து. எனக்கு என்னுடையதைவிட அது நன்றாக வரும்.

விட்டுப்போனவர்களில் என் மகளும் ஒருத்தி என்று எழுதும்போது எனக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் அனுப்பியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவ்வளவு எரிச்சலில் இருந்தேன்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் அட்டை வந்துவிட்டது. ஆர்டித் ஒரு பெரிய பானை நிறைய வெள்ளைச் சோள சூப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"பாத்தியா மச்சான்? நியாயம்னு ஒண்ணு இருக்கு. லேட்டா வரும், ஆனா வரும். அந்த ட்ரெவர் பையன் அவன் சித்தியைப் போய்ப் பாத்திருப்பான்னு நினைக்கிறேன்."

ஃபெர்ன் சிரித்தாள். ஜனெல் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "சின்னம்மா, எங்க மொத மேட்ச்சுக்கு நீதானே?" என்றாள். எனக்குச் சூப் தொண்டையில் இறங்கவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு கிண்ணம் குடித்தேன்.

மே மாதம் முதல் சனிக்கிழமை மத்தியானம் பதின்மூன்று வயதுக்குட்பட்டவர்கள் ஆட்டம். எங்கள் பிள்ளைகளும் ஆற்றுக்கு அக்கரை டவுன் பிள்ளைகளும். தளத்தில் நடுவர்கள் ஆர்டித்தும் மெர்லும். சீசனின் முதல் ஆட்டம் என்று ட்ரெவரே கையில் ஒரு கோப்போடு வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்ததும் நான் ஆட்டத் தாளுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். ஆனால் ஆட்டம் ஒழுங்காகத்தான் போனது. ஏழுக்கு ஏழு. கடைசிப் பகுதியில் நாலு நிமிஷம் மிச்சம்.

அப்போது தளத்தைச் சுற்றிய தடுப்புப் பலகை ஓரத்தில் பந்தைப் பொறுக்கக் குனிந்த ஒரு டவுன் பையனை ஜனெல் பின்னாலிருந்து மட்டையால் முதுகில் இடித்தாள். பையன் பலகையில் மோதி எழுந்தான், எழுந்த வேகத்தில் திரும்பி ஜனெலின் கையில் மட்டையால் ஒன்று போட்டான். ஆர்டித்தின் விசில் கூரையைக் கிழித்தது. இரண்டு பேருக்கும் இரண்டிரண்டு நிமிஷம். பையன் அந்தப் பக்கத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான், ஜனெல் இந்தப் பக்கத்தில். நடுவில் நான்.

ஆர்டித் பின்னாலேயே வந்து மகளின் முன்னால் குனிந்தாள்.

"முதுகைக் காட்டிட்டு நிக்கிறவனை இடிக்கக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? அவன் கழுத்துக்கு ஏதாவது ஆயிருந்தா வேற கழுத்து வாங்கித் தருவியா நீ?"

"இல்ல சின்னம்மா."

"என்னது?"

"இல்ல ரெஃப்ரி."

மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த டவுன் பையன் உறிஞ்சுவதை நிறுத்தினான். கண்ணாடிக்கு மேலே எம்பி எதிர்ப்பக்கம் பார்த்துக் கத்தினான்: "கோச்! இந்த ரெஃப்ரி அவளுக்குச் சித்தியாம்!"

அவர்களுடைய பயிற்சியாளர் தளத்தைக் குறுக்கே கடந்து வந்தார். இது அநியாயம், சித்தி கண் முன்னால் என் பையனுக்கு எப்படி நியாயம் கிடைக்கும் என்று குதித்தார். சித்தி தன் மகளுக்கும் அதே இரண்டு நிமிஷம் கொடுத்திருக்கிறாள் என்பது அவர் கண்ணில் படவே இல்லை. ட்ரெவர் படியிறங்கி ஓடி வந்தான். முகத்தில் ஒரு சந்தோஷம். இப்படி ஒரு நாளுக்காகத்தானே அவன் படிவமே அடித்தது.

"சார், சார், பதட்டப்படாதீங்க. இதுக்குத்தான் நாங்க ஃபாரம் வாங்கி வச்சிருக்கோம்." கோப்பைப் பிரித்தான். "இவங்களுக்கு லீக்ல மொத்தம் ரெண்டே உறவு. ரெண்டு பேருமே ஒன்பது வயசு டீம். ஜனெல்னு யாரும் இல்ல. அந்தப் பொண்ணு இவங்களுக்கு எந்த வகையிலயும் சொந்தமில்ல."

ஆர்டித் கையை நீட்டினாள். தாளை வாங்கிக் கை எட்டும் தூரத்தில் பிடித்துப் படித்தாள். மேலிருந்து கீழே வந்து கையெழுத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் நின்றுபோயிருந்த கடிகாரத்தின் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனெல் பெஞ்சிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு வயதில் கண் நன்றாகத் தெரியும்.

"அப்பா, இது உன் எழுத்து மாதிரி இருக்கு."

நான் இன்னொரு தடவை பொத்தானை அழுத்தினேன்.

"அப்பா, நான் சின்னம்மாவுக்குச் சொந்தமே இல்லியா?"

சங்கத்தின் மேல், படிவத்தின் மேல், ஆர்டித்தின் பிடிவாதத்தின் மேல் மாசக்கணக்கில் வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. வெட்கம்தான் மிச்சம் இருந்தது.

ட்ரெவருக்கு ஏதோ இடறுகிறது என்று பட்டிருக்க வேண்டும். நல்ல பையன் என்று சொன்னேனே. குரலைத் தாழ்த்தி, "மேடம், எங்களுக்கு ஃபாரத்துல இருக்கறதுதான் கணக்கு. நீங்க எதுவும் சொல்லலேன்னா மேட்ச் அப்படியே தொடரும்" என்றான்.

சும்மா இருந்தால் போதும். நாலு நிமிஷம் ஊதிவிட்டு வந்தால் போதும். அந்த சீசன் முழுக்க அவளுடையது. பேசாதே பேசாதே என்று நான் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"இவ என் மக. எழுதிக்கோ" என்றாள் ஆர்டித்.

"மேடம்..."

"ஜனவரில நான் நாலு தாள் ஒட்டிக் குடுத்தேனே, அது இருக்கா உன்கிட்ட? அதுதான் சரி. அதுல இருக்கற அத்தனையும் எனக்கு வேணும். இதை எழுதினது நானில்ல."

"பின்ன யாரு?"

அவள் தாளை அவனிடமே நீட்டினாள். என் பக்கம் திரும்பவில்லை. காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஆனால் ஜனெல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் எத்தனை நேரம் பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பது?

"நான்தான் எழுதினேன்" என்றேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் விதிப்படி நடந்தது. ஜனவரிப் பட்டியல்தான் இனிக் கணக்கு, அதில் இருக்கும் உறவினர் ஆடும் ஆட்டத்தில் நடுவர் நிற்கக்கூடாது, ஆர்டித் வெளியே. பொய்க் கையெழுத்துப் போட்டவன் மேஜையில் இருக்கக்கூடாது, நான் வெளியே. போகிறபோது ஆர்டித் மெர்லைக் கூப்பிட்டு, "ரெண்டு பேருக்கும் ரெண்டு நிமிஷம். எனக்காகப் பாத்து ஒரு செகண்டு குறைச்சேன்னா உன்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவேன்" என்றாள். கடிகாரம் ஓட்ட வேறு ஆள் இல்லாததால் ட்ரெவரே என் நாற்காலியில் உட்கார்ந்தான். எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியாமல் இரண்டு தடவை அபாயச் சங்கை ஊதவிட்டான். நான் படியேறும்போது மேலே இருந்த கிழவர் ஒருவர், "வாப்பா லைல், உன் பேரை எந்த லிஸ்ட்லேருந்து அடிக்கிறது, சொல்லு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் தேவைதான். இத்தனை கூத்துக்கும் பிறகு ஆட்டம் ஏழுக்கு ஏழு என்றே முடிந்தது.

அந்த வாரமே கடிதங்கள் வந்துவிட்டன. ஆர்டித்துக்கு அந்த சீசன் எங்கள் ஊர் ஆட்டம் ஒன்றுகூடக் கிடையாது. எனக்கு இரண்டு வருஷம் மேஜை கிடையாது. மெர்ல்தான் எல்லா ஆட்டத்துக்கும். பிள்ளைகள் தப்பு செய்தால் ஊதுகிறான், விரலைக் காட்டுகிறான், முடிந்தது. ஒருத்தன் முன்னாலும் குனிவதில்லை.

அன்றைக்கு ஆட்டம் முடிந்து வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஆர்டித் தன் டிரக்கில் சாய்ந்து நின்றாள். பட்டைச் சட்டையைக் கழற்றவில்லை. நான் பக்கத்தில் போனேன். திட்டட்டும், திட்டினால் தேவலை என்று இருந்தது.

"ஆர்டித், உனக்காகத்தானே செஞ்சேன்."

"எனக்காகவா?" அவள் கத்தவில்லை. "விசில் வேணும்னு சொன்னேன் மச்சான். ஊரெல்லாம் கேக்கச் சொன்னேன். பிள்ளை வேண்டாம்னு எப்பச் சொன்னேன்?"

ஜனெல் உடை மாற்றிக்கொண்டு பையை இழுத்தபடி வந்தாள். பையை என் வண்டியின் பின்னால் தூக்கிப் போட்டாள். மட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆர்டித்தின் டிரக்கில் ஏறிக் கதவைச் சாத்தினாள். என் பக்கம் திரும்பவில்லை. ஆர்டித் வண்டியைக் கிளப்பியதும் "பெல்ட்டைப் போடுடி" என்று அதட்டுவது கேட்டது. பிறகு இரண்டு பேரும் ஆற்றுப் பக்கச் சாலையில் போய்விட்டார்கள்.

வியர்வை நாறும் பையோடு நான் தனியாக வீட்டுக்கு வந்தேன். ஃபெர்ன் வாசலிலேயே நின்றாள். ஊரில் யார் யார் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்களோ, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் வெறுமையாக இருந்த வண்டியைப் பார்த்தாள்.

"பிள்ளை எங்கே?"

"அவ அம்மாகூடப் போயிருக்கா" என்றேன்.

"சரி" என்றாள் ஃபெர்ன். எந்த அம்மா என்று அவள் கேட்கவில்லை.